கம்பியில் போட்ட புடவை

என் முதல் வேலை, கீழே விழுந்தவர்களைத் தேடிப் போவது. இப்படிச் சொன்னால் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். அன்றைக்கு எங்கள் ஊர் கள்ளிக்குப்பத்தில் கேட்கவே வேண்டாம்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஒரு மருத்துவக் கல்லூரியில் வேலை பார்த்த டாக்டரம்மா, வயதானவர்கள் வீட்டுக்குள்ளேயே ஏன் விழுகிறார்கள், விழாமல் இருக்க என்ன செய்யலாம், விழுந்தவர்களை எப்படிச் சீக்கிரம் எழுப்பி நடக்க வைக்கலாம் என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அம்பத்தூரில் ஒரு மளிகைக் கடையின் மாடியில் வாடகைக்கு அறை பிடித்து, வீடு வீடாகப் போய் விசாரிக்க உள்ளூர்ப் பெண்களாகப் பார்த்துச் சேர்த்தார். பிளஸ் டூ முடித்துவிட்டுத் தையல் வகுப்பில் ஊசியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த எனக்கு அந்த வேலை கிடைத்தது.

சில தெருக்களைச் சீட்டுக் குலுக்கி எடுத்தார்கள். அந்தத் தெருக்களில் வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கெல்லாம் பாத்ரூம் சுவரில் கைப்பிடிக் கம்பி பதித்துக் கொடுப்போம். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது, கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது என்று சில பயிற்சிகளும் சொல்லித் தருவோம். மற்ற தெருக்களில் வெறும் விசாரிப்புதான். கொஞ்ச நாள் கழித்து இரண்டு பக்கத்திலும் யார் அதிகம் விழுந்தார்கள் என்று பார்ப்பது. வானகரம், நூம்பல் என்று சுற்றியுள்ள ஊர்களில் என்னைக் கண்டதும், "ஒத்தக் கால்ல நிக்க வெக்கிற பொண்ணு வந்துட்சிடி" என்று உள்ளே குரல் கொடுப்பார்கள். ஒரு தாத்தா என்னைப் பார்த்தாலே கொக்கு மாதிரி காலைத் தூக்கிக்கொண்டு நின்று கேலி செய்வார். ஆனால் கேலி செய்தபடியே பயிற்சியை முடித்துவிடுவார் என்பதால் நான் அவரை விட்டுவிட்டேன்.

எங்கள் வீடு இந்த ஆராய்ச்சியில் இல்லை. வேலை செய்பவர்களின் வீடுகளைச் சேர்க்கக் கூடாது என்பது டாக்டரம்மாவின் விதி. ஆனாலும் எனக்கு மற்ற எல்லா வீடுகளையும்விட எங்கள் வீட்டுப் பாத்ரூம்தான் பயம். காரணம் என் அப்பா. அவரை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன்.

நைனா எஸ்டேட்டில், அதாவது அம்பத்தூர் தொழிற்பேட்டையில், ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். அவருடைய அப்பா நூம்பல் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர். நைனாதான் எங்கள் வம்சத்தில் முதன்முதலில் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு சைரனுக்கு வேலைக்குப் போனவர். அந்தப் பெருமை அவருடைய நடையிலேயே தெரியும். தொழிற்சாலையை மூடினார்கள். சர்க்கரை வியாதி வந்தது. பாதம் இரண்டும் மரத்துப்போய், செருப்பு கழன்று விழுந்தால்கூடத் தெரியாமல் நடந்து வருவார். அம்மா எஸ்டேட்டிலேயே ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைக்கப் போனாள். காலையில் அவள் போய்விடுவாள். அடுத்து நான் போய்விடுவேன். காக்கிச் சட்டைக்காரர் லுங்கியோடு வீட்டில் இருப்பார். அது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்பதை அவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. பதிலுக்கு ரேடியோவைத் திட்டுவார், பேப்பரைத் திட்டுவார், பேப்பர் கிடைக்காவிட்டால் என்னைத் திட்டுவார்.

ஒருநாள் பாத்ரூமில் தடுக்கி, சுவரில் முட்டிக்கொண்டு, நெற்றி புடைத்து வெளியே வந்தார். எங்கள் பாத்ரூம் சமையலறைக்குப் பின்னால் ஒரு பொந்து. தரையில் கடப்பாக் கல். சோப்புத் தண்ணீர் பட்டால் ஊரே வழுக்கும். நான் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டேன்.

"கம்பி வெக்கணும் நைனா. இன்னிக்கே."

"இன்னாத்துக்கு? ஊட்டுக்குள்ள நடக்க எனக்குத் தெரியாதா? நான் இன்னா கெயவனா?"

"கிழவன் இல்ல. சக்கரைக்காரன்."

அம்மா அடுப்படியிலிருந்து சிரித்தாள். அவருக்கு அது பொறுக்கவில்லை. ஆனாலும் மறுநாள் சாயங்காலம் நான் வந்தபோது பாத்ரூம் சுவரில் கம்பி இருந்தது. எங்கள் ஆராய்ச்சிக்காரர்கள் வைக்கும் மெல்லிய கம்பி இல்லை. பழைய தொழிற்சாலை நண்பர் ஒருவரிடம் சொல்லி ஜி.ஐ. இரும்புப் பைப்பை வாங்கி, வளைத்து, அரத்தால் ராவி, சிமெண்ட் வைத்துத் தானே பூட்டியிருந்தார். "பத்து ஆளு தொங்கிகினு ஆடு, அசையுதான்னு பாரு" என்றார். நான் இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிப் பார்த்தேன். அசையவில்லை. அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

கம்பி வைத்தாலும் எங்களுக்கு இன்னொரு தலைவலி இருந்தது. எங்கள் ஜனங்களுக்குச் சுவரில் ஒரு கம்பி கண்ணில் பட்டால் கை அரிக்கும், அதில் துணியைப் போட்டாக வேண்டும். நான் போன வீடுகளில் பாதிக் கம்பிகள் துண்டுக்கும் பாவாடைக்கும் பேரப்பிள்ளையின் யூனிஃபாரத்துக்கும் போய்விட்டன. "ஆயா, இது புடிச்சுக்கறதுக்கு" என்றால், "புடிச்சுக்கும்போது எட்த்துட்றேன் கண்ணு" என்று பதில் வரும். விழும்போது யாராவது துணியை எடுத்துவிட்டா விழுவார்கள்? அலுவலகத்தில் இதைச் சொல்லி நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். டாக்டரம்மா சிரித்துவிட்டு, "எடுக்கச் சொல்லிட்டே இருங்க" என்றார். சொல்லிக்கொண்டே இருந்தோம்.

அப்படி ஊரையெல்லாம் அதட்டிவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மாவோடு ரேஷன் கடைக்குப் போய் வந்து எங்கள் பாத்ரூமுக்குள் நுழைந்தால், கம்பியில் அம்மாவின் புடவை ஈரத்தோடு தொங்குகிறது. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. புடவையை உருவிக்கொண்டு நேரே கூடத்துக்கு வந்தேன். நைனா பேப்பரை விரித்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஊர்ல கீற கெழவிங்களுக்கெல்லாம் பாடம் எடுக்கறேன், என் ஊட்டுல நீயே இப்டி செஞ்சா நான் இன்னா பண்றது? வெளிய கொடி இல்ல? அவர் வழுக்கினா எத்தப் புடிப்பாரு, உன் முந்தானையவா?"

அம்மா முறத்திலிருந்து தலையைத் தூக்கினாள். என்னைப் பார்க்கவில்லை. நைனாவின் பேப்பரைப் பார்த்தாள். பேப்பர் கீழே இறங்கவே இல்லை.

"சரிடி, மறந்துட்டேன். இனிமே போடல" என்றாள்.

எதிர்த்துப் பேசாமல் அம்மா ஒரு திட்டை வாங்கிக்கொண்டது அதுதான் முதல் தடவை. எனக்கு ஜெயித்துவிட்ட நினைப்பு. அவள் ஏன் அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டாள் என்று யோசிக்க வேண்டிய காரணம் எதுவும் அன்றைக்கு எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு கம்பியில் நான் துணியைப் பார்க்கவில்லை. வீட்டில் துணி துவைக்கும் ஏற்பாடு எனக்கு எப்போதும் ஒன்றுதான். என் துணியை நான் துவைத்துக்கொள்வேன், அம்மா விடியும் முன் எழுந்து அவள் துணியையும் நைனா துணியையும் துவைத்துவிட்டுப் போவாள் என்று நினைத்திருந்தேன். சாயங்காலம் அம்மாவுக்குப் பின்னால் நான் வரும்போது அவள் புடவை காய்ந்து, மடித்து, அலமாரியில் இருக்கும். பருத்திப் புடவையாக இருந்தால் கஞ்சி போட்டு மொடமொடவென்று இருக்கும். அம்மாவுக்குத்தான் என்ன சுறுசுறுப்பு என்று நான் அதிசயப்பட்டிருக்கிறேன்.

நைனா விழுந்த நாள் ஒரு சாதாரண நாள். நான் கள்ளிக்குப்பத்திலேயே விசாரணையில் இருந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தேன். வாசல் முற்றத்தில், எங்கள் வரிசை வீடுகளின் பெண்கள் எல்லோரும் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தார்கள். எதிர் வீட்டு அக்கா, "உங்க நைனா தூங்கறாரு போல, ரேடியோ சத்தமே காணோம்" என்றாள். நான் உள்ளே போனேன். கூடத்தில் இல்லை. பாத்ரூம் கதவு சாத்தியிருந்தது, தாழ்ப்பாள் போடவில்லை. உள்ளிருந்து தாழ் போடக் கூடாது என்று நான் எல்லா வீட்டிலும் சொல்வதை இவர் ஒருவர்தான் சொன்னபடி கேட்டார்.

நைனா ஈரத் தரையில் பக்கவாட்டில் கிடந்தார். உதடு நீலம் பூத்திருந்தது. பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன. வலது கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது. இடுப்பு எலும்பு போய்விட்டது என்பது பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. படம் போட்டுச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவர் கையில் அம்மாவின் நைலக்ஸ் புடவை சுற்றியிருந்தது. மீதி அவர் உடம்புக்கு அடியில் சிக்கியிருந்தது.

நான் கத்த வாயைத் திறந்தேன்.

"கத்தாத" என்றார். குரல் சன்னமாக இருந்தது. "மொதல்ல இத்த எட்த்து பக்கெட்ல போடு. அப்பால ஆளக் கூப்டு."

"எப்ப விழுந்த நைனா?"

"நீ போன கொஞ்ச நேரத்துல."

காலையிலிருந்து. வாசலில் அத்தனை பெண்கள் உட்கார்ந்திருக்க, ஒரு குரல் கொடுத்தால் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்திருப்பார்கள். காலையிலிருந்து மத்தியானம் வரை, உடைந்த இடுப்போடு, சோப்புத் தண்ணீரில், வாயைத் திறக்காமல் கிடந்திருக்கிறார். விழுந்த பிறகு தரையில் கிடக்கும் நேரம்தான் பல பேரை முடித்துவிடுகிறது, அதனால் உடனே சத்தம் போடச் சொல்லிப் பழக்குங்கள் என்று டாக்டரம்மா எங்களுக்கு முதல் வாரமே சொல்லியிருந்தார். நான் எத்தனையோ வீட்டில் கிழவர்களைச் சத்தம் போட வைத்துப் பழக்கியிருக்கிறேன். சிரிப்பும் கும்மாளமுமாக இருக்கும்.

அவர் உடம்புக்கு அடியிலிருந்து புடவையை உருவியபோது வலியில் அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. அதைப் பக்கெட்டில் போட்டு மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டுத்தான் நான் கத்தினேன்.

எல்லோரும் ஓடி வந்தார்கள். ஆட்டோ வருவதற்குள் ஆளுக்கு ஒரு யோசனை. "ஆஸ்பத்திரிக்குப் போனா அறுத்துருவாங்க. கட்டு போட்றவர் கிட்ட இட்டுகினு போ, முட்டையும் பச்சிலையும் வெச்சுக் கட்டினா தானா ஒட்டிக்கும்" என்று ஒரு மாமா ஒற்றைக் காலில் நின்றார். கை எலும்பு என்றால் நானும் சரி என்றிருப்பேன். தொடையும் இடுப்பும் சேரும் இடத்தைக் கட்டி வைத்து, அசையாமல் மாதக்கணக்கில் படுக்க வைத்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதை நான் வீடு வீடாகப் போய்க் கேட்டிருக்கிறேன். "ஆஸ்பத்திரிதான்" என்றேன். அந்த மாமா என்னோடு பேச்சையே நிறுத்திவிட்டார். போகட்டும்.

பட்டணத்துக்குள் இருந்த பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சர்க்கரை ஏறிக் கிடந்ததால் உடனே ஆபரேஷன் முடியாது என்றார்கள். காலில் கயிறு கட்டி, கட்டிலின் காலடியில் எடையைத் தொங்கவிட்டுப் படுக்க வைத்தார்கள். மார்பில் சளி கட்டியிருந்தது. "எவ்ளோ நேரம் ஈரத்துல கெடந்தீங்க?" என்று அங்கே இருந்த டாக்டர் கேட்டபோது நைனா, "இப்பதான் சார், தோ இப்பதான்" என்றார். நான் டாக்டரைத் தனியாகக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன்.

அம்மா வீட்டுக்குப் போயிருந்த ஒரு பகலில்தான் அவரிடம் கேட்டேன். "எதுக்கு நைனா?"

பார்வையைக் கூரைக்குத் திருப்பிக்கொண்டார். பிறகு சொன்னார். தொழிற்சாலையை மூடிய கொஞ்ச நாளிலேயே ஆரம்பித்ததாம். அம்மா நாள் முழுக்க மிஷினில் குனிந்துவிட்டு வந்து, விடிகாலையில் துணிக்கல்லின் மேல் மறுபடி குனிவதைப் பார்க்க அவருக்கு மனசு வரவில்லை. ஒருநாள் அவள் ஊறவைத்துவிட்டுப் போனதைத் துவைத்துப் போட்டார். நான் துவைத்தேன் என்று அம்மா நினைத்துக்கொள்வாள், அம்மா துவைத்தாள் என்று நான் நினைத்துக்கொள்வேன் என்பது அவருடைய கணக்கு. அது பலித்தது. வெளியில் கொடியில் போட்டால் முற்றத்துப் பெண்கள் பார்ப்பார்கள். அதனால் பாத்ரூமிலேயே, கம்பி வந்த பிறகு அந்தக் கம்பியில், போட்டுத் தண்ணீர் வடிய விட்டு, பிறகு உள்ளறையில் ஃபேனுக்குக் கீழே விரித்துக் காய வைப்பாராம். நான் அன்றைக்குச் சத்தம் போட்ட பிறகு, நான் வருவதற்குள் எடுத்துவிடுவதில் கவனமாகிவிட்டார்.

"பொண்டாட்டி பொடவயத் தோய்க்கிறவன்னு ஒர்த்தன் சொல்லிட்டா நான் தெருவுல எப்டி போறது?"

இதில் ஒரு கதை உண்டு. எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்த கதை. தொழிற்சாலையில் ஒருவர் பெண்சாதியின் துணியைத் துவைக்கிறார் என்று தெரிந்து, அவருக்குச் சோப்புக்கட்டி என்று பட்டப்பெயர் வைத்தார்கள். வைத்தது நைனாதான். கேன்டீனில் அவர் நுழைந்தால் மேஜையைத் தட்டிப் பாட்டுக் கட்டுவார்களாம். வீட்டில் எங்களிடம் அதை எத்தனையோ தடவை நடித்துக் காட்டிச் சிரித்திருக்கிறார். அந்தச் சோப்புக்கட்டி மாமாதான் ஆஸ்பத்திரிக்கு நாள் தவறாமல் வந்து நைனாவுக்கு முகம் துடைத்துவிட்டவர். பழைய பகை எதையும் அவர் மனசில் வைத்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

"அன்னிக்கு கால் வழுக்குச்சு. கம்பியத்தான் புடிச்சேன்" என்றார் நைனா. "பொடவதான் கைக்கு வந்துச்சு. அப்டியே வயுக்கிகினு வந்துட்சி. கம்பி அசையல, பாத்தியா?"

அந்த நிலையிலும் கம்பி அசையவில்லை என்பதில் அவருக்கு ஒரு திருப்தி. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

"உங்கம்மாவுக்குத் தெரியக் கூடாது. அவ பொடவையாலதான் வியுந்தேன்னு தெரிஞ்சா தாங்கமாட்டா. சத்தியம் பண்ணு."

சத்தியம் பண்ணினேன்.

அதன் பிறகு என் வேலை முழுவதும் அவரை எழுப்புவதுதான். அவர் எழுந்து நடந்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் தானாக மறந்துபோகும் என்று இருந்தேன். டாக்டரம்மாவே ஒருநாள் வந்து பார்த்தார். படுத்தபடியே மூச்சை இழுத்துவிடவும், நல்ல காலை அசைக்கவும், பாட்டிலில் குழாய் வைத்துத் தண்ணீரைக் குமிழி விடவும் சொல்லிக் கொடுத்தார். வார்டில் சொந்தக்காரர்கள் எல்லோரும் நேர் எதிர். வந்தவர்கள் எல்லாம் "அசையாத, அசையாத" என்று சொல்லி ஆரஞ்சுப் பழம் வைத்துவிட்டுப் போவார்கள். நான் அவர்கள் போன பிறகு, "ஊது நைனா" என்பேன். "எனக்கு இன்னா பொறந்த நாளா?" என்று சலித்துக்கொண்டே ஊதுவார். சளி குறைந்தது. சர்க்கரை இறங்கியது. ஆபரேஷன் செய்தார்கள்.

அடுத்த சில நாளில் அவரை வாக்கரைப் பிடித்து நிற்க வைத்தார்கள். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அங்கிருந்த பிசியோதெரபிப் பெண். எதிரே அம்மா. நைனா வாக்கரின் கம்பியைத் தடவிப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "இதுல துணி எத்தையும் போட்டு வெக்கலயே?" என்றார். பிசியோதெரபிப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் சிரித்தேன். அம்மாவும் சிரித்தாள். அவள் சிரித்தது எதற்கென்று நான் யோசிக்கவில்லை, அவர் நிற்கிறார் என்பதே போதுமாக இருந்தது. நின்றார். எழுந்து நின்ற நைனா எவ்வளவு உயரம் என்பதை நான் மறந்தே போயிருந்தேன்.

மறுபடி ஜுரம் வந்தது. சளி திரும்பவும் கட்டிக்கொண்டது. இந்தத் தடவை பாட்டிலில் குமிழி வரவில்லை. மூச்சு இழுக்க இழுக்க, ஊது நைனா, ஊது நைனா என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அம்மா கஞ்சி வாங்கப் படியிறங்கியிருந்த ஒரு காலை நேரத்தில் அவர் போய்விட்டார். அம்மா தூக்குவாளியோடு திரும்பி வந்து, என் முகத்தைப் பார்த்து, தூக்குவாளியைத் தரையில் மெதுவாக வைத்தாள். கஞ்சி சிந்தக் கூடாது என்பது போல அவ்வளவு மெதுவாக வைத்தாள்.

காரியம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பினேன். அலுவலகத்தில் டாக்டரம்மா எல்லோர் முன்னாலும் எதையும் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன். "எங்கப்பா கம்பில துணி போட்டிருந்தார் மேடம். துணி அவர் கைக்கு வந்துடுச்சு." யாருடைய துணி என்று சொல்லவில்லை. அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். "போடாதீங்கன்னு சொன்னா மட்டும் போதாது. போட வேற இடம் கொடுக்கணும். நமக்கு இது தோணாமப் போச்சு" என்றார். அந்த மாதத்திலிருந்து கம்பி வைத்த வீடுகளிலெல்லாம் பாத்ரூமில் உயரமாக ஒரு நைலான் கொடியும் கட்டிக் கொடுத்தோம். பல வீடுகளில் அந்தக் கொடியை நானே கட்டினேன். ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வருவேன்.

ஆனால் விழுந்தவர்களின் கணக்கில் நைனா இல்லை. எங்கள் வீடு ஆராய்ச்சியில் இல்லை அல்லவா? ஆராய்ச்சி முடிந்தபோது பெரிய வெள்ளைக் காகிதத்தில் கட்டம் போட்டு அறைச் சுவரில் ஒட்டினார்கள். எந்தத் தெருவில் எத்தனை பேர், விழுந்தவர்கள் எத்தனை, எழுந்தவர்கள் எத்தனை என்று. வானகரத்துக் கொக்குத் தாத்தாகூட அதில் ஏதோ ஒரு எண்ணுக்குள் இருந்தார். விதி சரிதான், எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் அந்தக் காகிதத்தின் முன்னால் நின்று எனக்கு ஒரே ஆத்திரமாக வந்தது. உங்கள் கொடியெல்லாம் யாரால் வந்தது என்று கத்த வேண்டும் போல இருந்தது.

அதற்கெல்லாம் முந்தி, காரியம் முடிந்த மறுநாள் நடந்ததைத்தான் நான் கடைசியாகச் சொல்ல வேண்டும். நைனாவின் துணிகளை யாருக்காவது கொடுத்துவிடும்படி சொந்தக்காரர்கள் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அம்மா காலையில் எழுந்து, அவருடைய லுங்கி, சட்டை, பழைய காக்கிச் சட்டை எல்லாவற்றையும் ஊறவைத்துத் துவைத்தாள். பக்கெட்டோடு முற்றத்துக்குப் போனாள். நான் வாசல்படியில் நின்றிருந்தேன். முற்றத்தில் வழக்கம்போல் எல்லாப் பெண்களும் இருந்தார்கள். எதிர் வீட்டு அக்கா ஓடி வந்து பக்கெட்டைப் பிடித்தாள்.

"கொடுக்கப்போற துணிதானே, இத்தப் போய் நீ எதுக்குத் தோச்சுகினு கீற? எங்க கைல குடுக்கக் கூடாதா?"

அம்மா காக்கிச் சட்டையை உதறி, கொடியில் போட்டு, கிளிப்பு குத்தினாள். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படியாகச் சொன்னாள்.

"என் பொடவய அந்த மனுசன் தோச்சுப் போட்டாரு. வருசக்கணக்கா. அவருதை நான் ஒரு தபா தோய்க்கிறேன்."

ஒருத்தியும் சிரிக்கவில்லை. சோப்புக்கட்டி மாமா காலையிலேயே வந்து சுவரோரம் உட்கார்ந்திருந்தார். அவர் தோள் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

நான் அம்மாவை உள்ளே இழுத்துக்கொண்டு போனேன். "உனக்குத் தெரியுமா?"

"புழிஞ்ச மடிப்பப் பாத்தாலே தெரியாதா? ஸ்பானர் முறுக்கற மாதிரி முறுக்கி வெச்சிருப்பாரு. நீயா அப்டி புழிவ? நீ கஞ்சி போட்ற மூஞ்சியா?"

"அப்போ அன்னிக்குக் கம்பில பொடவ கெடந்தப்ப, நான் உன்னக் கத்தினப்போ..."

"அவர் போட்டதுதான்னு தெரியும். அத்தினி நேரம் வாயத் தொறக்காம ஈரத்துல கெடந்தாரே, அது எதுக்குன்னும் தெரியும். நீ பக்கெட்ல மூடி வெச்சிட்டுப் போனியே, அந்தப் பொடவய நான்தானே வந்து அலசினேன்."

நான் காப்பாற்றிய சத்தியம் இவ்வளவுதான். ஒரே வீட்டில் மூன்று பேரும் ஒரே புடவையை ஒருவருக்கு ஒருவர் மறைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம். எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. யோசிக்காமல் கேட்டுவிட்டேன்.

"தெரிஞ்சும் ஏம்மா அவராண்ட சொல்லல? எனக்குத் தெரியும்யா, தெகிரியமா வெளிய காயப் போடுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா..."

அம்மா பாத்ரூம் வாசலில் உட்கார்ந்துகொண்டாள். உள்ளே சுவரில் அவர் பூட்டிய கம்பி அப்படியே இருந்தது. துணி எதுவும் இல்லாமல் வெறுமையாக இருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொன்னா நிறுத்திருப்பாரு" என்றாள். "கூச்சப்பட்டுகினு அன்னியோட நிறுத்திருப்பாரு. எங்கம்மா போனதுலருந்து எனக்குன்னு ஒரு துணிய ஒர்த்தரும் தோச்சுக் குடுத்ததில்ல. சாய்ங்காலம் வந்து அந்தப் பொடவய எடுத்து மோந்து பாப்பேன். எனக்கு அது புடிச்சிருந்துச்சுடி."